அசரீரியும் ஆசையும்

1961 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 19 ஆம் தேதி, அமெரிக்காவின் தென்பகுதியிலே டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் பிறந்த ரெஜி ஒயிட், பன்னிரண்டு வயதுச் சிறுவராக இருக்கும்போதே தம் தாயாரிடம் இரண்டு விருப்பங்களைச் சொன்னார் என்பார்கள்: கால்பந்து ஆட்டக்காரராக வேண்டும், கர்த்தருடைய ஊழியராகவும் வேண்டும். இரண்டும் நிறைவேறின. பதினேழாம் வயதில் பாப்திஸ்து சபை அவரைப் பிரசங்கியாராக அபிஷேகம் செய்தது. அமெரிக்கக் கால்பந்திலோ, எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பாகவே அவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துகிற ‘சாக்’ என்னும் அருஞ்செயலை 198 முறை செய்து, 2000 ஆம் ஆண்டில் அவர் களத்தை விட்டு நீங்கியபோது, அந்தக் கணக்கில் அவருக்கு மேலே ஒருவரும் இருந்ததில்லை. ஆயினும் இந்தக் கட்டுரை அவருடைய வெற்றிகளைப் பாட எழுந்ததன்று. தம் வாழ்நாளின் பெரும்பகுதியிலே ‘ஆண்டவர் எனக்குச் சொன்னார்’ என்று உலகறியப் பேசிவந்த இந்த மனிதர், நாற்பத்து மூன்றாம் வயதில் மரிப்பதற்குச் சிறிது காலம் முன்பு, தாம் அவ்வாறு சொன்னவற்றுள் பலவற்றை ஆண்டவர் சொல்லவே இல்லை என்றும், அவை தம்முடைய சொந்த ஆசைகளே என்றும், ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். உள்ளத்தில் எழும் குரல் இறைவனுடையதா, தன்னுடையதா என்பதை மனிதன் எவ்வாறு அறிவான் என்னும் பழைய வினாவுக்கு, ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கை இத்தனை தெளிவாக உரையெழுதியிருப்பது என்னை மிகவும் ஈர்த்தது.

அமெரிக்கக் கால்பந்தை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். காலால் உதைப்பதைவிடப் பந்தைக் கையால் எறிவதும், ஏந்திக்கொண்டு ஓடுவதும், உடலோடு உடல் மோதித் தடுப்பதுமே மிகுந்த ஆட்டம் அது. பந்தை எங்கே, யாருக்கு அனுப்புவது என்பதைக் கண நேரத்தில் நிர்ணயிக்கும் குவார்ட்டர்பேக்கைச் சுற்றி ஐந்து பெருந்தேகிகள் அரணாக நிற்பார்கள். அந்த அரணின் ஓரத்தை உடைத்துக்கொண்டு உள்ளே புகுவதே ‘டிஃபென்சிவ் எண்ட்’ என்ற தற்காப்பு ஆட்டக்காரரின் தொழில். 6 அடி 5 அங்குல உயரமும் சுமார் 300 பவுண்டு எடையும் உடைய ஒயிட், தம்மை மறிப்பவர் ஒரு பக்கமாகச் சாய்ந்த தருணத்திலே, அவருடைய விலாவின் கீழே ஒரு கையைச் செலுத்தி, தமக்கு நிகரான எடையுடைய அந்த ஆளை அப்படியே தூக்கி அப்பால் எறிந்துவிட்டு முன்னேறுவார். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்காக 1985 முதல் 1992 வரை ஆடிய 121 ஆட்டங்களில் அவர் பெற்ற சாக்குகள் 124. ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் காரணமாக 12 ஆட்டங்களே அவருக்கு வாய்த்த 1987 ஆம் ஆண்டில் மட்டும் 21.

பிறரை மண்ணில் வீழ்த்துவதைத் தொழிலாகக் கொண்டவர் சமாதானத்தின் சுவிசேஷத்தை எப்படிப் பிரசங்கிக்கலாம் என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்வி எனக்கு அத்தனை ஆழமுடையதாகத் தோன்றவில்லை. இருதரப்பாரும் சம்மதித்து, விதிகளுக்கு உட்பட்டு, வன்மமின்றி நிகழ்த்தும் மோதலில் பாபம் குடியிருப்பதாக நான் கருதவில்லை. வசைமொழி பேசாதவர் என்றும், வீழ்த்திய மனிதனைக் கைகொடுத்துத் தூக்கிவிடுபவர் என்றும் அவருக்குப் பெயர் இருந்தது. அந்த ஆட்டம் ஆடுவோரின் மூளைக்கும் மூட்டுக்கும் இழைக்கிற தீங்கு பெரிது. அதைத் தனியே எழுதவேண்டும். ஒயிட்டின் வாழ்விலே உண்மையான சமயச் சிக்கல் அவருடைய கைகளில் இல்லை, காதுகளில் இருந்தது.

1992 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25 ஆம் நாள், பிலடெல்பியாவின் வெட்டரன்ஸ் ஸ்டேடியத்திலே, பில்லி கிரஹாம் நடத்திய பெரும் நற்செய்திக் கூட்டத்தில் பேசுவதற்காக ஒயிட் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று அதே மைதானத்தில் ஆடிய அருமை நண்பர் ஜெரோம் பிரௌன், இருபத்தேழே வயதானவர், புளோரிடாவில் தம் சொந்த ஊரிலே கார் விபத்தில் மாண்டார் என்ற செய்தி அன்று வந்தது. அந்த மரணத்தைத் திரண்டிருந்த மக்களுக்கு மேடையிலிருந்து அறிவிக்கும் கடமை ஒயிட்டுக்கு நேர்ந்தது. நண்பரோடு தோளுரசி ஆடிய புல்தரையின் நடுவிலே, தேவனுடைய கிருபையைப் பற்றிச் சொல்ல வந்த வாயால், அவர் இனி இல்லை என்று சொல்ல நேர்ந்த அந்தச் சோதனையை நினைக்கும்போது என் உள்ளம் கலங்குகிறது. வெற்றி வருகிற நாளில் இறைவன் பேசினான் என்று சொல்வது எளிது. இத்தகைய நாளில் அவன் என்ன பேசினான் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? குரலைக் கேட்டவர்கள் சேர்த்து வைத்திருக்கிற சாட்சியங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தால், மௌனம் நிலவிய நாட்கள் அவற்றில் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மறு ஆண்டு அவருடைய வாழ்வின் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஓர் ஆட்டக்காரர் தாம் விரும்பிய அணிக்குத் தடையின்றிப் போய்ச் சேரும் உரிமை அந்த விளையாட்டில் நெடுங்காலம் இருந்ததில்லை. 1992 இல் மின்னியாபொலிஸ் நீதிமன்றத்தில் ஆட்டக்காரர்கள் பக்கம் ஜூரிகள் தீர்ப்பளித்த பிறகு, ஒயிட்டின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு 1993 இல் சமரசத்தில் முடிந்து, அந்த உரிமை நிலைபெற்றது. அதன் முதற்பயனை அடைந்தவர்களுள் தலையாயவரும் அவரே. பல அணிகள் அவரை அழைத்து உபசரித்தன. ஆண்டவர் காட்டும் இடத்துக்கே போவேன் என்றார் அவர். பெருநகரச் சேரிகளில் வாழும் கறுப்பின மக்களிடையே ஊழியம் செய்ய விழைந்தவர் ஆதலால் ஏதேனும் ஒரு பெருநகரத்தையே தேர்ந்துகொள்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அந்நாளில் ஒரு லட்சம் பேர்கூட இல்லாததும், கறுப்பினத்தவரை விரல்விட்டு எண்ணத்தக்கதும், குளிர்காலத்தில் உறைந்து கிடப்பதுமாகிய விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே என்னும் சிற்றூரின் பேக்கர்ஸ் அணியில் நான்கு ஆண்டுகளுக்கு 17 மில்லியன் டாலர் ஊதியத்துக்குச் சேர்ந்தார். ஆண்டவர் சொன்னபடி வந்தேன் என்பதே அவர் கொடுத்த விளக்கம்.

அந்நாட்களில் பேக்கர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த மைக் ஹோம்கிரன், ஒயிட்டின் தொலைபேசிப் பதிவுக் கருவியிலே, கடவுள் பேசுவதுபோல் பேசி, கிரீன் பேக்குப் போகும்படி கட்டளையிட்டு வைத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. நட்புரிமையால் செய்த விளையாட்டே அது. ஆனாலும் தத்துவ விசாரணை செய்பவனுக்கு அதிலே பொருள் உண்டு. வெளியிலிருந்து வரும் குரலுக்கு உடையவர் யார் என்று விசாரித்து அறியலாம். உள்ளிருந்து வரும் குரலை யாரிடம் போய் விசாரிப்பது? பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்று அறிவின் வாயில்களை வகுத்த நம் தர்க்க சாஸ்திரிகளின் அளவையால் பார்த்தால், உள்ளத்தில் ஒலிக்கும் கட்டளையைக் கேட்டவன் அதைப் பிரத்தியட்சம் என்றே கருதுகிறான். மற்றவர்களுக்கோ அவன் வாய்ச்சொல் ஒன்றுதான் பிரமாணம். அந்தச் சொல் பிரமாணமாவதற்கு அவன் ஆப்தனாக, அதாவது தன் விருப்பு வெறுப்புகளால் உண்மையைத் திரிக்காதவனாக, இருத்தல் வேண்டும். அவன் அத்தகையவன்தானா என்பதே இங்கே சந்தேகத்துக்குரிய விஷயமாதலால், சாட்சியே வழக்கின் பொருளாகிவிடுகிறது.

இத்தகைய இடத்தில் உலகத்தார் பற்றிக்கொள்ளும் பரீட்சை ஒன்று உண்டு. அது பலிதத்தைப் பார்ப்பது. கிரீன் பே அணி 1968 ஆம் ஆண்டுக்குப் பிறகு மகுடம் சூடியதில்லை; ஒயிட் வந்து சேர்ந்த நான்காவது பருவத்தின் முடிவில், 1997 ஜனவரி 26 ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த சூப்பர் பௌல் என்னும் இறுதியாட்டத்திலே, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை 35–21 என்ற கணக்கில் வென்று அது மகுடம் சூடியது. எதிரணி மூன்றாம் கால்பகுதியில் நெருங்கி வந்த நிலையிலே, கிரீன் பே வீரர் டெஸ்மண்ட் ஹோவர்ட் 99 கெஜம் ஓடிப் புள்ளிகள் ஈட்டிய கையோடு, ஒயிட் அடுத்தடுத்து இரண்டு முறை குவார்ட்டர்பேக் டிரூ பிளெட்சோவை வீழ்த்தி எதிரணியின் எழுச்சியை முறித்தார்; ஆட்டம் முடிவதற்குள் மூன்றாவது சாக்கும் வந்தது. ஒரே சூப்பர் பௌலில் மூன்று என்பது அதிகாரபூர்வக் கணக்கில் அந்நாளில் எவரும் கடக்காத எல்லை. ஆண்டவர் சொன்னார், நான் வந்தேன், வெற்றி வந்தது. இனியும் சந்தேகம் உண்டோ என்று பக்தர்கள் கேட்டால், பதில் சொல்வது எளிதாகத் தோன்றாது.

ஆனால் ஒயிட் தலைமேல் வைத்துப் போற்றிய வேதாகமமே இந்தப் பரீட்சையைப் போதாதது என்று தள்ளுகிறது. உபாகமத்தின் பதினெட்டாம் அதிகாரம், கர்த்தரின் பெயரால் ஒருவன் உரைத்தது நடவாமற்போனால் அது கர்த்தர் சொன்னதன்று என்கிறது. அதே நூலின் பதின்மூன்றாம் அதிகாரமோ, அவன் சொன்ன அடையாளம் நிறைவேறினாலும், அவன் மக்களை அந்நிய தேவர்களிடம் இட்டுச் செல்வானாகில் அவனுக்குச் செவிசாய்க்கலாகாது என்று விதிக்கிறது. பலிக்காத வாக்குப் பொய் என்று துணிந்து சொல்லலாம். பலித்த வாக்கு மெய் என்று சொல்லிவிட முடியாது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நியாயம். எரேமியா என்னும் தீர்க்கதரிசியும், தங்கள் இருதயத்தின் தரிசனத்தைக் கர்த்தரின் வாக்கென்று சொல்லித் திரிந்தவர்களைக் கடிந்துகொண்டு துயரம் பொங்கப் பேசுகிறார். அவர் கண்டித்தவர்களில் பலர் வேண்டுமென்றே பொய்யுரைத்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கும் ஏதோ ஒன்று கேட்டிருக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1990 டிசம்பர் 3 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியும் ஃபார்ட்டி நைனர்ஸ் அணியும் மோதிய ஆட்டம் முடிந்ததும், இரு அணிகளையும் சேர்ந்த சிலர் களத்தின் நடுவில் ஒன்றுகூடி முழந்தாளிட்டு ஜெபித்தார்கள். பிறகு இது அந்த விளையாட்டில் வழக்கமாகவே ஆயிற்று. ஒயிட்டும் அந்த வழக்கத்தை வளர்த்தவர்களில் ஒருவர். தோற்றவர்களும் வென்றவர்களும் ஒரே வட்டத்தில் மண்டியிடுகிற அந்தக் காட்சி, இறைவன் எந்த அணியின் பக்கம் என்ற கேள்வியைத் தானே அழித்துவிடுகிறது. ஒயிட்டின் முழந்தாள்கள் அறிந்திருந்த இந்த உண்மையை அவருடைய நாவு அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

1995 டிசம்பரில் அவருடைய தொடைத்தசை கிழிந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டும், அந்தப் பருவம் முழுவதும் ஆட இயலாது என்று அணி அறிவித்த பிறகு, சில நாட்களுக்குள் அவர் மீண்டும் களத்தில் நின்றார். தேவன் குணமாக்கினார் என்றார். அடுத்த மாதமே, 1996 ஜனவரி 8 ஆம் நாள், அவர் உதவிப் போதகராக இருந்த நாக்ஸ்வில் நகரத்து இன்னர் சிட்டி சபையின் ஆலயத்தைக் கயவர்கள் தீயிட்டுக் கொளுத்தி, இனவெறிச் சொற்களை எழுதிவிட்டுப் போனார்கள். தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் ஆலயங்கள் பல எரிக்கப்பட்ட காலம் அது. விஸ்கான்சின் மக்கள் கட்சி பேதமின்றி, நிற பேதமின்றிப் பணம் திரட்டி அனுப்பினார்கள். தசை குணமானதில் தேவ சித்தத்தைக் கண்டவர், ஆலயம் எரிந்ததில் எதைக் காண்பது? ஆலயம் எரிந்த ஜனவரிக்கு அடுத்த ஜனவரியில் மகுடம் வந்தது என்று இரண்டையும் கோத்து மாலையாக்குவது கேட்க இனிமையாக இருக்கலாம். அந்த மாலையில் ஜெரோம் பிரௌனுடைய மரணத்தைக் கோக்க இடமேது?

1998 ஆம் ஆண்டில் இந்தப் பழக்கத்தின் கசப்பான கனி வெளிப்பட்டது. மார்ச் மாதம் விஸ்கான்சின் சட்டமன்றத்தில் உரையாற்ற அழைக்கப்பட்டபோது, தற்பாலினத்தவரைப் பாபிகள் என்று கடுமையாகப் பழித்ததோடு, ஒவ்வோர் இனத்துக்கும் ஆண்டவர் ஒவ்வொரு வரத்தைக் கொடுத்தார் என்று சொல்லி, தெருவிலே திரியும் கொச்சையான இனப் பொதுமைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கினார். பலருடைய மனம் புண்பட்டது. புண்படத் தக்கதாகவே அந்தப் பேச்சு இருந்தது. இனவெறியின் தீயைத் தம் சொந்த ஆலயத்திலே கண்ட ஒருவர் அப்படிப் பேசியது அவருடைய நெஞ்சின் கொடுமையால் என்று நான் நினைக்கவில்லை. தம் எண்ணத்தையும் இறைவன் எண்ணத்தையும் நெடுங்காலமாக ஒன்றாகவே வழங்கிவந்ததால், இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை அவருடைய கண்ணுக்குப் புலப்படாமலே போயிற்று. அடுத்த மாதம் ஓய்வுபெறுவதாக அறிவித்தார்; இரண்டொரு நாட்களில், கொடுத்த வாக்கைக் காப்பாற்றி இன்னும் ஓராண்டு ஆடுமாறு ஆண்டவர் சொன்னதாகச் சொல்லித் திரும்பினார். அந்த ஆண்டில் 16 சாக்குகள் பெற்று, முப்பத்தாறு வயதில், சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் என்ற விருதையும் வென்றார். பலிதம் மறுபடியும் அவருடைய பக்கம் நின்றது. தவறான நம்பிக்கையைத் தோல்வி திருத்தும். வெற்றி பெற்ற நம்பிக்கையைத் திருத்துவதற்கு யார் இருக்கிறார்கள்?

சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்தின் இயல்பை ஆராய்ந்து கூறிய ஒரு நுட்பம் இங்கே எனக்கு உதவுகிறது. புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும், தான் இருள் என்பதையேனும் காட்டி நிற்கும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பார்கள் அவர்கள். ‘நான் விரும்புகிறேன்’ என்று சொல்பவனிடம் ஆசை ஆசையாகவே வெளிப்பட்டு நிற்கிறது. ‘இறைவன் விரும்புகிறான்’ என்று அதே ஆசையைச் சொல்பவனிடம் அது பக்தியின் ஆடையை உடுத்திக்கொண்டு, தன்னைப் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாமல் உலவுகிறது. சமயம் அற்றவனைவிடச் சமயம் உள்ளவனுக்கே இந்த அபாயம் மிகுதி.

அப்படியானால் உட்குரல் என்பதே பொய்யோ? அவ்வாறு நான் துணியமாட்டேன். ஒயிட்டின் அதே பாப்திஸ்து மரபில், அமெரிக்காவின் அதே தென்பகுதியில், மார்ட்டின் லூதர் கிங் 1956 ஜனவரியில் ஓர் இரவு, மாண்ட்கமரி நகரில் தம் வீட்டுச் சமையலறையிலே, தொலைபேசியில் வந்த கொலைமிரட்டலால் நெஞ்சம் தளர்ந்து தனியே அமர்ந்திருந்தபோது, நீதியின் பக்கம் நில் என்று ஒரு குரல் தம் உள்ளத்தில் ஒலித்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் குரல் அவர் விரும்பியதைத் தரவில்லை. விட்டு விலக எண்ணியிருந்த பாரத்தையே மீண்டும் தோளில் ஏற்றியது. ஆசைக்கு எதிராக வருகிற குரலுக்கு மதிப்பு அதிகம் என்று இதிலிருந்து ஓர் அளவுகோல் செய்துகொள்ளலாம். ஆயினும் அதுவும் முழுமையானதன்று. தன்னை வருத்திக்கொள்வதிலும் ஒரு மறைமுகமான ஆசை உண்டு என்பதை மனித மனத்தை அறிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். குரலின் மெய்ம்மையை நிச்சயிக்கும் வெளிப்படையான அளவுகோல் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், குரலைக் கேட்டவனுடைய நேர்மையை அறிய ஒரு வழி எஞ்சுகிறது: தன் வாக்கைத் தானே மறுபரிசீலனை செய்து, பிழையென்று கண்டால் திரும்பப் பெற அவன் ஆயத்தமாக இருக்கிறானா என்று பார்ப்பது.

ரெஜி ஒயிட் அந்த ஆயத்தத்தைக் காட்டினார் என்பதே அவரைப் பற்றி நான் சொல்ல வந்த செய்தி. ஓய்வுபெற்ற பிறகு சபைமேடைகளை விட்டு விலகி, எபிரேய மொழியைக் கற்று, மோசேயின் ஆகமங்களை அவற்றின் சொந்த மொழியிலே படிக்கத் தலைப்பட்டார். களத்தில் உரத்த ஆரவாரத்தின் நடுவே வாழ்ந்தவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவராகப் புத்தகத்தின் முன் அமர்ந்தார். மரணத்துக்குச் சற்று முன்பு தொலைக்காட்சிக்காக அளித்த பேட்டியில், சபைகள் தம்மை அழைத்தது வேத ஞானத்துக்காக அன்று, கால்பந்துப் புகழுக்காகவே என்றும், அதனால் தாம் பலவகையில் விலைபோய்விட்டதாகவும், பிறர் எழுதியதையும் பிறர் சொன்னதையுமே இத்தனை ஆண்டுகள் பிரசங்கித்துவந்ததாகவும் கூறினார். ஆண்டவர் சொன்னார் என்று தாம் சொன்னவற்றுள் பல, ரெஜி விரும்பியவையே என்றும், வேதத்தில் படித்து அறிந்தாலொழிய இனி அப்படிச் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னார். பரம்பொருளிடம் அவருக்கு இருந்த விசுவாசம் குன்றியதாக அந்தப் பேச்சில் ஓர் அடையாளமும் இல்லை. புகழும் செல்வமும் சபைகளின் வரவேற்பும் எந்த வாக்கியத்தின்மேல் கட்டப்பட்டிருந்தனவோ, அந்த வாக்கியத்தையே அவர் தம் கையால் விலக்கினார்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள், வடகரோலினாவில், சார்காய்டோசிஸ் என்ற நோய் இருதயத்தையும் நுரையீரலையும் பற்றியதால் இதயத்துடிப்புப் பிறழ்ந்து அவர் காலமானார். 2006 இல் கேன்டன் நகரத்துப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் அணிந்த 92 என்ற எண்ணை ஈகிள்ஸ், பேக்கர்ஸ் அணிகளும், அவர் படித்த டென்னசி பல்கலைக்கழகமும் வேறெவருக்கும் கொடாமல் வைத்திருக்கின்றன. இவை தக்க மரியாதைகளே. ஆனால் புகழ்பெற்ற வீரர்களையும் நடிகர்களையும் அழைத்துப் பீடத்தில் ஏற்றி, ‘ஆண்டவர் உங்களிடம் என்ன சொன்னார்?’ என்று ஆவலோடு கேட்கிற சபைப் பெரியோர்களும் மடாலயத்தாரும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களாயினும், அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் ரெஜி ஒயிட்டின் கடைசிப் பேட்டியை ஒருமுறை முழுவதுமாகக் கேட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.